வாயிலிருந்து ஒரு சிறு துண்டு: பயொப்சிப் பரிசோதனை பற்றிய எளிய விளக்கம்

கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. வலியும் இல்லை, எரிவும் இல்லை. சூத்தைப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் பல் வைத்தியர் அதைக் கண்டு, "இதிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்கிறார். அதைக் கேட்டதும் பலர் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். தமக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்பது ஒன்று. கத்தி பட்டால் அது உடல் முழுவதும் பரவிவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. ஆனால் இந்த எண்ணங்களால் குறித்த திகதிக்குக் கிளினிக்குக்குப் போகாமல் விடுவது உண்மையான ஆபத்தாக முடியக்கூடும். அந்தத் துண்டு எதற்காக எடுக்கப்படுகிறது, எப்படி எடுக்கப்படுகிறது, எடுத்த பின் அதற்கு என்ன நடக்கிறது, வரும் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை, மருத்துவம் படிக்காத ஒருவருக்கும் விளங்கும் வகையில் இங்கே எழுத முயல்கிறேன்.

பயொப்சி என்பது, சந்தேகத்துக்கு இடமான ஓர் இடத்திலிருந்து சிறிதளவு இழையத்தை எடுத்து, அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அங்குள்ள கலங்கள் வழமைபோல் இருக்கின்றனவா, மாறியிருக்கின்றனவா, மாறியிருந்தால் எந்த அளவுக்கு மாறியிருக்கின்றன என்று பார்க்கும் பரிசோதனை. அது ஒரு சிகிச்சையன்று, தீர்ப்புமன்று. வைத்தியர் கேட்கும் ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு வரும் விடைகளில் பெரும்பகுதி புற்றுநோயாக இருப்பதில்லை.

கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியாதா என்று கேட்பது நியாயம். அனுபவமுள்ள வைத்தியருக்கு ஓர் ஊகம் இருக்கும். ஆனால் வாய்க்குள் ஒன்றைப் போலவே தோன்றும் பல நோய்கள் உண்டு. வெள்ளைத் திட்டை எடுத்துக்கொள்வோம். பூஞ்சைத் தொற்றாலும் வாயில் வெள்ளை படியும். அந்த வகையில் பெரும்பாலானவை பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். கன்னத்தை அடிக்கடி கடிக்கும் பழக்கத்தாலும், உடைந்த பல்லின் கூரிய விளிம்பு உரசுவதாலும் தோல் தடித்து வெள்ளையாகும். லைக்கன் பிளானஸ் என்ற நோயில் இரு கன்னங்களின் உட்புறத்திலும் வலைப்பின்னல்போல் வெண்கோடுகள் தோன்றும். இவை எதிலும் அடங்காத, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டை லியூக்கோபிளேக்கியா என்பார்கள். ஹங்கேரிய தோல் வைத்தியர் ஷ்விம்மர் 1877 இல் இட்ட பெயர் இது. அவற்றுள் பல ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சில தாமாகவே மறையும். சில புற்றுநோயாக மாறும். எது எந்த வகை என்பதை நிறத்தையோ அளவையோ வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சிவந்த திட்டு வெள்ளைத் திட்டைவிட அரிது. ஆனால் அதைக் கண்டால் வைத்தியர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். 1975 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காரணம் கூற முடியாத சிவப்புத் திட்டுகளிலிருந்து எடுத்த 65 மாதிரிகளைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பதுக்குமேல் ஏற்கெனவே புற்றுநோயாகவோ அதற்கு மிக நெருங்கிய கடும் மாற்றமாகவோ இருந்தன. அழகாக, மென்மையாக, வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும் அந்தச் சிவப்பு நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தராமலிருக்கலாம். தொடக்க நிலையிலுள்ள வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது.

அப்படியானால் வாயில் வரும் எல்லாப் புண்ணுக்கும் துண்டு எடுக்க வேண்டுமா? இல்லை. கன்னத்தைக் கடித்ததால், பொய்ப்பல் அழுத்தியதால், சூடான உணவு பட்டதால் வரும் புண்கள் காரணம் நீங்கியதும் இரண்டு கிழமைக்குள் ஆறிவிடும். ஆகவே வைத்தியர் முதலில் கூரிய பல்லை ராவிவிடுவார், பொய்ப்பல்லைச் சரிசெய்வார், அல்லது அதைச் சில நாள் போடாமலிருக்கச் சொல்வார். இரண்டு கிழமை கழித்து மறுபடி பார்ப்பார். இரண்டு மூன்று கிழமைகளாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விரலால் தொட்டால் அடியில் தடிப்பாகவும் இறுக்கமாகவும் உணரப்படும் இடம், பல்லில் நோய் இல்லாமலே ஆடத் தொடங்கிய பல், பல் பிடுங்கிய பின் மூடாத குழி, நாக்கிலோ உதட்டிலோ காரணமின்றி வரும் விறைப்பு, கழுத்தில் தோன்றிக் கரையாமல் நிற்கும் கட்டி ஆகியவற்றைப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது.

எமது திருகோணமலை மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரவிரவாகக் கடலில் நிற்கும் மீனவர்கள் நித்திரை வராமலிருக்க வெற்றிலை போடுகிறார்கள். தம்பலகாமத்து வயல்களில் நாள் முழுதும் குனிந்து நிற்பவர்கள் பசியும் களைப்பும் தெரியாமலிருக்கப் போடுகிறார்கள். வீட்டிலுள்ள வயதான பெண்கள் பலருக்கு அது சாப்பாட்டுக்குப் பிந்திய ஒழுங்கு. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு மட்டுமன்றிப் புகையிலை சேர்க்காத கூட்டும், பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்தியது. "நான் புகையிலை வைப்பதில்லை, பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும்.

பாக்கால் வரும் இன்னொரு நோயையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாயின் உட்தோலுக்குக் கீழே நார் படிந்து, கன்னம் மெல்ல மெல்ல இறுகி, உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிந்து, காலப்போக்கில் வாயை முழுதாகத் திறக்க முடியாமற் போகும் நோய் அது. வைத்தியர்கள் அதைச் சப்மியூகஸ் பைப்ரோசிஸ் என்பார்கள். பொதுவாக வளர்ந்த ஒருவரால் தமது மூன்று விரல்களை மேல்கீழாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடியும். அது முடியாமற் போவது எச்சரிக்கை. இந்த நோய் பெரும்பாலும் பார்த்தும் தொட்டுமே அறியப்படுகிறது. அதில் புதிதாகத் திட்டோ புண்ணோ தோன்றினால், அந்த இடத்திலிருந்து துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியரிடம் போனால் போதும். மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளுக்குப் போகலாம். நகரத்தவர்கள் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். பல் வைத்தியர் சந்தேகித்தால், வாய், முகம், தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கடிதத்துடன் அனுப்புவார். புற்றுநோய் என்று வலுவாகச் சந்தேகிக்கப்படும் இடத்தில், பிறகு சிகிச்சை செய்யவிருக்கும் நிபுணரே துண்டு எடுப்பது நல்லது. புண்ணின் முதல் தோற்றத்தையும் எல்லையையும் அவர் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருபவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும் என்பது உண்மைதான். அதனால், எத்தனை முறை வரவேண்டியிருக்கும், எந்த நாளில் எதற்கு வரவேண்டும் என்று முதல் நாளே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்வது நல்லது.

துண்டு எடுக்கும் நாள்

திட்டு சிறியதாகவும் பார்வைக்குத் தீங்கற்றதாகவும் இருந்தால், அதைச் சுற்றிச் சிறிதளவு நல்ல தோலுடன் முழுவதையுமே எடுத்துவிடுவார்கள். அப்போது பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே தடவையில் முடிந்துவிடலாம். திட்டு பெரியதென்றாலோ புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். சில வேளைகளில் கத்திக்குப் பதிலாக, நுனி வட்டமான சிறு வெட்டுக்கருவியை அழுத்திச் சுழற்றி, சில மில்லிமீற்றர் அகலமுள்ள ஓர் உருளைத் துண்டை எடுப்பதும் உண்டு. பெரிய திட்டில் ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் சிவப்பாகவும் இருந்தால், இரண்டு மூன்று இடங்களில் எடுக்க நேரிடலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரே திட்டுக்குள்ளேயே ஓரிடம் தீங்கற்றதாகவும் அடுத்த இடம் மாறியதாகவும் இருக்கக்கூடும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதே இந்தப் பரிசோதனையின் உயிர். புண்ணின் நடுப்பகுதியில் பெரும்பாலும் செத்த இழையமே இருக்கும். அதை மட்டும் எடுத்தனுப்பினால் ஆய்வுகூடத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே புண்ணின் ஓரத்தில், நோயுற்ற பகுதியும் அதை அடுத்த நல்ல பகுதியும் சேர்ந்து வரும்படி, போதிய ஆழத்துக்கு எடுப்பார்கள். சிவந்த, தடித்த, மேற்பரப்பு கரடுமுரடான இடங்களைத் தெரிந்தெடுப்பார்கள். விறைப்பு ஊசியை நேரே அந்த இடத்திலேயே போடாமல் அருகில் போடுவதற்கும் காரணம் உண்டு: மருந்து உள்ளே புகுந்து இழையத்தை ஊதச் செய்தால், நுணுக்குக்காட்டியில் அதன் அமைப்புச் சிதைந்து தெரியும்.

நோயாளிக்கு உணரக்கூடியது முதலில் ஊசி குத்தும் நோவு. பின்னர் அந்த இடம் விறைத்துவிடும். அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், வெட்டுவது நோகாது. நோவு தெரிந்தால் கையை உயர்த்திக் காட்டினால் வைத்தியர் நிறுத்தி மேலும் மருந்து போடுவார். வழக்கமாக இது நீண்ட நேரம் எடுக்காது. ஓரிரு தையல் போடுவார்கள். தானாகக் கரையும் நூலாக இல்லாவிட்டால் ஏறத்தாழ ஒரு கிழமையில் வந்து பிரிக்கச் சொல்வார்கள்.

முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. இருதய நோய்க்காக அஸ்பிரின், குளோபிடோகிரல், வோபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆனால் எக்காரணம் கொண்டும் தாமாக அதை நிறுத்தக் கூடாது. சிறு வெட்டில் வரும் இரத்தக் கசிவை அழுத்திப் பிடித்தும் தைத்தும் நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தியதால் இருதயத்திலோ மூளையிலோ ஏற்படும் அடைப்பை அப்படி எளிதாகச் சரிசெய்ய முடியாது. வோபரின் எடுப்பவருக்கு முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். விறைப்பு ஊசியுடன் செய்யப்படுவதால் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை; நீரிழிவுள்ளவர்கள் வழமைபோல் காலைச் சாப்பாட்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டே வரலாம். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமற் போயிருந்தாலும், கருவுற்றிருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும்.

இனி, கத்தி பட்டால் பரவும் என்ற அச்சம். இந்த நம்பிக்கை எப்படி வேரூன்றியது என்பதை ஊகிக்கலாம். பலர் நோய் முற்றிய பின்பே வைத்தியசாலைக்கு வருகிறார்கள். வந்ததும் துண்டு எடுக்கிறார்கள். சில மாதங்களில் நோய் மோசமாகிறது. பார்க்கும் உறவினருக்குக் கத்திதான் காரணமாகத் தோன்றுகிறது. உண்மையில் நோயை வளரவிட்டது அதற்கு முன் கழிந்த காலம். முறையாகத் துண்டு எடுப்பதால் வாய்ப் புற்றுநோய் பரவி நோயாளிக்குக் கேடு விளைகிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. நோய் இன்னதென்று உறுதியாகாமல் எந்த நிபுணரும் சத்திரசிகிச்சையையோ கதிர்ச் சிகிச்சையையோ தொடங்க மாட்டார். ஆகவே துண்டு எடுக்க மறுப்பது சிகிச்சையையே மறுப்பதாக முடிந்துவிடுகிறது. உறவினர்கள் சொல்வதை மதிக்கலாம். இந்த ஒரு விடயத்தில் மட்டும் அவர்களையும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, வைத்தியரிடமே கேட்கச் சொல்வது நல்லது.

வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டியவை எளியவை. விறைப்புப் போகும்வரை சூடான தேநீர் குடிக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. தெரியாமலே உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்ள நேரிடும். முதல் நாள் வாய் கொப்பளிக்க வேண்டாம், உறைந்த இரத்தம் கழன்றுவிடும். அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். கஞ்சி, குழைந்த சோறு, ஆறிய சூப் நல்லது; உறைப்பும் புளிப்பும் சில நாள் வேண்டாம். நோவுக்குப் பொதுவாகப் பரசிற்றமோல் போதும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணிச்சுருளை அந்த இடத்தில் வைத்து இருபது நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெற்றிலை, புகையிலை, சிகரெட் எதையும் அந்தப் பச்சைப் புண்ணில் படவிடக் கூடாது.

ஆய்வுகூடத்தில் நடப்பது

எடுத்த துண்டை உடனே, இழையத்தைக் கெடாமல் பதப்படுத்தும் போமலின் கரைசலில் போடுவார்கள். துண்டின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு கரைசல் வேண்டும். இல்லாவிட்டால் உட்பகுதி பதப்படாமல் அழுகத் தொடங்கும். அதைத் தண்ணீரிலோ உப்புநீரிலோ போட்டால் கலங்கள் கெட்டுவிடும். வாயில் கொப்புளங்கள் தோன்றும் சில நோய்களைச் சந்தேகித்தால் மட்டும், இன்னொரு துண்டைப் போமலின் படாமல் வேறொரு கரைசலில் தனியாக அனுப்புவார்கள்; ஒருவருக்கு இரண்டு போத்தல்கள் நிரப்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதப்பட்ட துண்டிலிருந்து அற்ககோல் கொண்டு நீரை அகற்றி, அதை உருகிய மெழுகில் ஊறவைத்து, ஒரு சிறு மெழுகுக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியை ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 250 இல் ஒரு பங்கு தடிப்புள்ள சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, இரண்டு சாயங்கள் ஊட்டுவார்கள்: கலத்தின் கரு ஊதாநீலமாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். இத்தனை படிகளையும் அவசரப்படுத்த முடியாது. கூடுதல் சாயங்கள் தேவைப்பட்டால் மேலும் நாளாகும். அறிக்கை வர ஒரு கிழமை, இரண்டு கிழமை, சில இடங்களில் அதற்கு மேலும் ஆவது இதனால்தான்; தாமதம் கெட்ட செய்தியின் அறிகுறியன்று.

நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் எதைத் தேடுகிறார்? வாயின் உட்தோல் பல அடுக்குகளாலானது. அடியிலுள்ள கலங்கள் பெருகி, மேலே ஏற ஏற முதிர்ந்து தட்டையாகி உதிரும். இந்த அடுக்குகளுக்கும் கீழுள்ள இழையத்துக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று வயல் வரப்பைப்போல் எல்லையாக நிற்கிறது. முதலாவதாக அவர் பார்ப்பது கலங்களின் அளவும் வடிவும் கருவும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பது. இரண்டாவது, அந்த ஒழுங்கின்மை அடியில் மட்டும் நிற்கிறதா, மேலடுக்குவரை ஏறியிருக்கிறதா என்பது. மூன்றாவதும் மிக முக்கியமானதும், மாறிய கலங்கள் அந்த எல்லையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டனவா என்பது. இறங்கியிருந்தால் அது புற்றுநோய். இறங்காதிருந்தால், எவ்வளவு மாறியிருந்தாலும் இன்னும் பரவும் தன்மையுள்ள புற்றுநோய் ஆகவில்லை.

அறிக்கை ஆங்கிலத்திலேயே வரும். அதில் டிஸ்பிளேசியா என்ற சொல் இருந்தால், கலங்களில் ஒழுங்கின்மை தொடங்கியிருக்கிறது என்பது பொருள். இலேசான, நடுத்தரமான, கடுமையான என மூன்று தரங்களாகக் குறிப்பார்கள். இலேசானது பழக்கத்தை விட்டால் குறையவும் கூடும். கடுமையானதைப் பெரும்பாலும் அகற்றிவிடச் சொல்வார்கள். தரம் பிரிப்பது நிபுணரின் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்தது. இரண்டு நிபுணர்கள் ஒரே தகட்டுக்கு வேறு வேறு தரம் சொல்வதும் நடக்கும். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்றிருந்தால் அது புற்றுநோய்; வாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்குமேல் இந்த வகையே. மாதிரி போதாது என்று எழுதியிருந்தால், மறுபடி துண்டு எடுக்க வேண்டும் என்பதே பொருள்; அது யாருடைய குற்றமுமாக இருக்க வேண்டியதில்லை. இந்தச் சொற்களைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து இரவெல்லாம் நித்திரையின்றிக் கிடப்பதைவிட, வைத்தியரிடம் தமிழில் விளக்கும்படி கேட்பது மேல். வைத்தியருக்குத் தமிழ் வராவிட்டால், தாதியரிடம் உதவி கேட்கலாம், அல்லது சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். அது நோயாளியின் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

"புற்றுநோய் இல்லை" என்ற அறிக்கை வந்ததும் கோவிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, திட்டை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அறிக்கை பேசுவது எடுத்த துண்டைப் பற்றி மட்டும். வாயில் மிஞ்சியிருப்பதைப் பற்றியன்று. புண் ஆறாமல் நின்றாலோ, திட்டு பெருத்தாலோ, நிறம் மாறினாலோ, முந்திய அறிக்கை எப்படியிருந்தாலும் இரண்டாம் முறை துண்டு எடுக்க வேண்டியிருக்கும். கண்ணில் தெரிவதும் அறிக்கையில் உள்ளதும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது நல்ல வைத்தியர் அறிக்கையோடு நின்றுவிட மாட்டார்.

நீலச் சாயம் பூசிப் பார்ப்பது, தூரிகையால் சுரண்டிக் கலங்களை எடுப்பது, விசேட வெளிச்சத்தில் பார்ப்பது போன்ற முறைகளும் உண்டு. எங்கே துண்டு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க அவை உதவலாம்; துண்டு எடுப்பதற்கு ஈடாக மாட்டா. கழுத்துக் கட்டிக்கு மட்டும் மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது முதற் படியாக இருக்கும்.

சாதாரண வெளிச்சத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் வாயைத் திறந்து பார்ப்பதே எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து மக்களின் வாயைப் பார்க்கச் செய்யலாம் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று 1984 இல் காட்டியது. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய சகாக்களும் செய்தது அது. திருவனந்தபுரத்தில் பெருந்தொகையானோரிடம் நடத்தி 2005 இல் முடிவு வெளியிடப்பட்ட ஆய்வில், புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே, இப்படி வாயைப் பார்த்துச் சந்தேகமானவர்களை மேற்பரிசோதனைக்கு அனுப்பியதால் வாய்ப் புற்றுநோய் இறப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மாதம் ஒருமுறை கண்ணாடிமுன் நின்று கன்னங்கள், நாக்கின் இரு ஓரங்கள், நாவின் அடி, முரசு, அண்ணம் ஆகியவற்றைத் தாமே பார்த்துக்கொள்வதும் நல்லது.

புற்றுநோய் என்று உறுதியானால், அது எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்றறிய ஸ்கான் எடுப்பார்கள். பிறகு சத்திரசிகிச்சையா, கதிர்ச் சிகிச்சையா, இரண்டுமா என்று நிபுணர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். நோய் சிறியதாக இருக்கும்போதே பிடிபட்டால் சத்திரசிகிச்சையால் மட்டுமே குணமாகும் வாய்ப்பு நன்றாக உண்டு. சிகிச்சையின் சில பகுதிகளுக்கு மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ போக வேண்டிவரலாம். அப்படி வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: முதலில் எடுத்த துண்டின் மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் ஆய்வுகூடத்தில் பாதுகாத்து வைக்கப்படுகின்றன. புதிய இடத்தின் நிபுணர் அவற்றைத் தாமே பார்க்க விரும்புவது வழக்கம். அறிக்கையின் இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்து, புறப்படுமுன் அவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு போனால், இன்னொரு முறை வாயில் கத்தி வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.